ஹைகிரவுண்ட் மருத்துவமனை நிரம்ப எத்தனை நாள்? பெருந்தொற்றுக் கணக்கு போடப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருநெல்வேலி, தென்காசி பக்கம் சுகாதார ஆய்வாளராகவோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும், கல்லூரியில் புள்ளியியல் முடித்துவிட்டு மாவட்ட அலுவலகத்தில் தரவுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெருந்தொற்று மாடல், அதாவது நோய் எப்படிப் பரவும் என்று முன்கூட்டிப் போடும் கணக்கு, என்றதும் பெரிய கம்ப்யூட்டரும் பெரிய கணிதமும் வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். மாவட்ட அளவில் முடிவெடுக்கத் தேவைப்படும் கணக்கில் பெரும்பகுதி, பத்தாம் வகுப்புப் பாடமும் ஒரு எக்செல் தாளும் இருந்தால் முடிந்துவிடும். கஷ்டமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

எக்செல்லைத் திறக்கும் முன் ஒரு தாளில், இந்தக் கணக்கை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப் போகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். "மாவட்டத்தில் எத்தனை பேருக்கு வரும்?" என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். அதற்கு நீங்கள் சொல்லும் எண்ணை வைத்து யாரும் ஒரு கட்டில்கூடக் கூடுதலாகப் போட முடியாது. "ஆக்சிஜன் பெட் எந்தத் தேதியில் தீரும்? அதற்குள் நாங்கள் எதைச் செய்து முடிக்க வேண்டும்?" என்று கேட்டால்தான் கணக்குக்கு வேலை வருகிறது. கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று சொல்வதுதான் மாவட்ட மாடலின் வேலை என்பது என் கருத்து. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

எல்லையை நோயாளியிடம் கேளுங்கள்

2011 கணக்கெடுப்பில் பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 30.77 லட்சம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் நெல்லைக்குச் சுமார் 16.6 லட்சம், தென்காசிக்குச் சுமார் 14 லட்சம். புதிதாக வருகிறவர்கள் 16.6 லட்சத்தைப் போட்டுக் கணக்கை ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் மூச்சுத்திணறல் வந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றும் குடும்பம் மாவட்டக் கோட்டைப் பார்த்துப் போவதில்லை.

தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருந்தாலும், நிலைமை மோசமானால் அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குத்தான் அனுப்புவார்கள். 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. செய்துங்கநல்லூர் தூத்துக்குடி மாவட்டம். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தூத்துக்குடியைவிடப் பாளையங்கோட்டைதான் பக்கம். பணகுடி, காவல்கிணறு நெல்லை மாவட்டம். அவர்களுக்கோ நாகர்கோவில் பக்கம், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். ஆக, கணக்கின் அடிப்படை மக்கள்தொகையை நோயாளிகளின் முகவரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். உள்நோயாளிப் பதிவேட்டில் சாதாரணமான ஒரு மாதத்தை எடுத்து, பின்கோடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தத் தாலுகாவிலிருந்து எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். 108 ஆம்புலன்ஸ் எங்கே ஏற்றி எங்கே இறக்கியது என்ற பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது.

இதில் விடுபட்டுப் போகிறவர்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இஞ்சிக்குழி காணிப் பழங்குடியினர் குடியிருப்புக்கு ஆம்புலன்ஸ் போகாது. அங்கிருந்து பதிவேட்டில் பெயர் வரவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கான திட்டத்தை மாடலிலிருந்து எடுக்க முடியாது. நேரில் போய்த்தான் போட வேண்டும்.

தரவு எங்கே, அதில் என்ன கோளாறு

நோய்க் கண்காணிப்புக்கு 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம் இப்போது ஐ.எச்.ஐ.பி. என்ற ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் ஓடுகிறது. மூன்று படிவங்கள். துணை சுகாதார நிலையத்திலிருந்து அறிகுறிகளைப் பதிவு செய்வது எஸ் படிவம். மருத்துவர் பரிசோதித்து இன்ன நோயாக இருக்கலாம் என்று பதிவது பி படிவம். ஆய்வகம் உறுதி செய்தது எல் படிவம். புதியவர்கள் எல் படிவத்தையே நம்புவார்கள், அது உறுதியானது என்பதால். ஆனால் கடைசியாக வந்து சேர்வதும் அதுதான். ஒரு கிராமத்தில் வழக்கத்தைவிடக் காய்ச்சல் கூடுகிறது என்ற எஸ் படிவச் செய்தி அதைவிட முன்னாலேயே வந்து நிற்கும்.

எந்த எண்ணையும் ஒரே நாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறையும், திங்கள், செவ்வாயில் எண் ஏறும். ஏழு நாள் சராசரி எடுங்கள். பரிசோதனை எத்தனை நடந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 2019-க்கு முந்தைய எந்த வரிசையை எடுத்தாலும், தென்காசியைச் சேர்த்த எண்ணா, சேர்க்காத எண்ணா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். 2012-இல் டெங்கு கடையநல்லூர் பக்கம் கடுமையாக அடித்தது. அந்த ஆண்டின் "திருநெல்வேலி" எண்ணை இன்றைய நெல்லையோடு வைத்துப் பார்த்தால், நோய் பாதிக்குமேல் குறைந்துவிட்டது என்று தவறாகத் தோன்றும்.

நான் அதிகம் நம்புவது வார்டு சென்சஸைத்தான். நள்ளிரவில் எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஆக்சிஜனில் என்று நைட் டியூட்டி ஸ்டாஃப் நர்ஸ் கையால் எழுதி வைக்கும் எண். பரிசோதனை கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது.

இரட்டிப்புக் கணக்கு

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நோய் பரவ ஆரம்பிக்கும் காலத்தில் எண்ணிக்கை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். ஒரு நாளைக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று பாருங்கள். 70-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை நாளில் இரட்டிப்பாகும் என்று ஏறத்தாழத் தெரியும். தினம் 10 சதவீதம் ஏறினால் 7 நாள்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். புதிய சுவாச நோய் ஒன்று வந்திருக்கிறது. ஆக்சிஜன் தேவைப்பட்டு இன்று அட்மிஷன் ஆனவர்கள் 20 பேர். 7 நாளில் இது இரட்டிக்கிறது. ஒருவர் சராசரியாக 8 நாள் படுக்கையில் இருக்கிறார். நம்மிடம் 400 ஆக்சிஜன் பெட்.

இன்று எத்தனை பெட்டில் ஆள்? 20-ஐ 8-ஆல் பெருக்கி 160 என்று சொல்வார்கள். அட்மிஷன் தினமும் ஒரே அளவில் இருந்தால்தான் அது சரி. ஏறிக்கொண்டிருக்கும்போது போன வாரம் வந்தவர்கள் குறைவு என்பதால் உண்மையில் 110 பேர் அளவில்தான் இருப்பார்கள். 400-க்கு 110 என்றதும் கூட்டத்தில் எல்லோருக்கும் நிம்மதி வரும், கால்வாசிதானே நிரம்பியிருக்கிறது என்று. 7-ஆம் நாள் 220. 14-ஆம் நாள் 440. அதாவது 13-ஆம் நாள் பெட் இல்லை.

சரி, அரசு முயற்சி எடுத்து 400-ஐ 800 ஆக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நாள் கூடுதலாகக் கிடைத்தது? ஒரே ஒரு இரட்டிப்பு, 7 நாள். மாறாக, பரவலை மெதுவாக்கி இரட்டிப்புக் காலத்தை 7-இலிருந்து 14 நாளாக்கினால், பழைய 400 பெட்டே ஏறத்தாழ 26-ஆம் நாள் வரை தாங்கும். இந்த இரண்டு எண்களையும் ஆட்சியர் கூட்டத்தில் அடுத்தடுத்து வையுங்கள். பெட் போடுவதும் வேண்டும்தான். ஆனால் காய்ச்சல் முகாம், தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது, கூட்டத்தைத் தள்ளிப் போடுவது ஆகியவற்றுக்கு ஏன் முதல் நாளிலிருந்தே ஆள் ஒதுக்க வேண்டும் என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

அப்புறம், தாமதம். தொற்றியதிலிருந்து அறிகுறி வர 5 நாள், அறிகுறியிலிருந்து மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு வர இன்னொரு 5 நாள் என்று வைத்தால், இன்று அட்மிஷன் ஆகிறவர் 10 நாளுக்கு முன் தொற்றியவர். இன்று எல்லாப் பரவலையும் ஒரே நொடியில் நிறுத்தினாலும் 10 நாள் வரை அட்மிஷன் ஏறிக்கொண்டேதான் இருக்கும், பெட்டில் 300 பேர் அளவுக்கு வந்துவிடுவார்கள். பெட் தீர 13 நாள், எடுத்த நடவடிக்கை பலன் காட்ட 10 நாள். முடிவெடுக்க நம் கையில் இருப்பது 3 நாள். கால்வாசிதான் நிரம்பியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்த அதே நாளில்!

எஸ்.ஐ.ஆர். மாடல்

இரட்டிப்புக் கணக்கு ஆரம்பத்துக்கு உதவும். எப்போது உச்சம், எப்போது இறங்கும் என்பதற்கு எஸ்.ஐ.ஆர். வேண்டும். மக்களை மூன்று கூட்டமாகப் பிரிப்பது: இன்னும் தொற்றாதவர், இப்போது தொற்றைப் பரப்புகிறவர், பரப்பி முடித்தவர். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-இல் வெளியிட்டது. இதில் மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். அந்தக் கட்டுரையில் அவர்கள் தங்கள் சமன்பாட்டை ஒப்பிட்டுப் பார்த்ததும் 1905-06 பம்பாய் பிளேக் மரணங்களோடுதான். நம் நாட்டு நகரத்தின் எண்களில் சோதிக்கப்பட்ட கணக்கு, அந்நியமாக நினைக்க வேண்டியதில்லை.

எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு நாள். இன்று புதிதாகத் தொற்றுவோர்: பரவல் வீதம் × தொற்றாதவர் × பரப்புகிறவர் ÷ மொத்த மக்கள்தொகை. இன்று குணமாவோர்: பரப்புகிறவர் ÷ ஒருவர் பரப்பும் நாட்கள். ஒருவர் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்ற ஆர் எண்ணைப் பரப்பும் நாட்களால் வகுத்தால் பரவல் வீதம். ஆர் 2, பரப்பும் நாள் 7 என்று போட்டுப் பாருங்கள், தொடக்கத்தில் சுமார் 5 நாளுக்கொரு முறை இரட்டிக்கும். மூன்று கூட்டத்தையும் கூட்டினால் எந்த நாளிலும் மொத்த மக்கள்தொகை வர வேண்டும். வராவிட்டால் சூத்திரத்தில் தப்பு.

தொற்றாதவர் எத்தனை பேர் என்பதை யூகிக்காதீர்கள். தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை 2021 ஜூன்-ஜூலையில் எடுத்த கொரோனா எதிர்ப்பொருள் ஆய்வில், உடலில் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் மாநிலச் சராசரியாக 66.2 சதவீதம். அதே ஆய்வில் நமக்கு வடக்கே இருக்கிற விருதுநகர் 84, ஈரோடு 37. மாநிலச் சராசரியை அப்படியே மாவட்டத்துக்குப் போட்டால் கணக்கு எவ்வளவு தள்ளிப்போகும் என்று பாருங்கள். தாலுகா வாரியாகத் தனித்தனித் தாள் போடுவது நல்லது. பாளையங்கோட்டையும் திசையன்விளையும் ஒரே வாரத்தில் உச்சத்துக்குப் போகாது.

ஊர் எங்கே கூடுகிறது

புத்தகத்து மாடலில் எல்லோரும் எல்லோரையும் சமமாகச் சந்திக்கிறார்கள். நம் ஊரில் அப்படியா? முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பீடி சுற்றுகிறார்கள். ஆனால் சுற்றிய பீடியைக் கொடுக்கவும், இலையும் தூளும் வாங்கவும் கம்பெனிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தை மூடினாலும் இந்த வரிசை மூடாது. அதை நிறுத்தினால் அந்த வாரக் கூலி போய்விடும். ஆகவே நிறுத்தச் சொல்லாமல், தெரு வாரியாக நேரம் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை நோய் வருவதற்கு முன்பே கம்பெனிக்காரர்களோடு பேசி வையுங்கள். தூசியில் வேலை செய்து ஏற்கெனவே நுரையீரல் கெட்டவர்கள் அவர்களில் உண்டு என்பதும் திட்டத்தில் இருக்கட்டும்.

காலண்டரையும் எடுத்து வையுங்கள். ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், குற்றாலம் சீசன், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம், பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வரும் பேருந்துகள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுப் பல நாள் தங்குவார்கள். ஒரு மணி நேரம் சாமி கும்பிட்டுத் திரும்பும் கூட்டத்தோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

வெளியூரில் இருக்கும் நம் ஆட்களும் கணக்கில் வர வேண்டும். 2020 மே மாதத்தில் இங்கே கொரோனா எண் ஏறியதற்கு மகாராஷ்டிரத்திலிருந்து ஊர் திரும்பியவர்கள் முக்கியக் காரணம். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். அவர்கள் பிழைக்கப் போன இடத்தில் வேலை போய், சொந்த ஊரைத் தேடி வந்தவர்கள். மாடலில் அவர்களை "உள்ளே வரும் தொற்று" என்று ஒரு எண்ணாகப் போடுவோம், அது கணக்குக்கு. அறிக்கையிலும் பேச்சிலும் ஒரு ஊரின் பெயரையோ சமூகத்தின் பெயரையோ நோயோடு சேர்த்துச் சொல்லவே கூடாது. சொன்ன மறுநாளே அந்தத் தெருவில் காய்ச்சலை மறைப்பார்கள், உங்கள் எஸ் படிவம் காலியாக வரும். மனிதர்களுக்குச் செய்யும் கொடுமை என்பதோடு, கணக்கையும் அது கெடுக்கும்.

பெட்டிலிருந்து ஆக்சிஜனுக்கு, ஆக்சிஜனிலிருந்து ஆளுக்கு

கொரோனாவில் மத்திய அரசு வைத்த திட்டக் கணக்கு: நூறு நோயாளிகளில் 80 பேருக்கு லேசான நோய், 17 பேருக்கு மிதமான நோய், 3 பேருக்குத் தீவிர சிகிச்சை. ஆக்சிஜன் பெட்டுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர், தீவிர சிகிச்சை பெட்டுக்கு 24 லிட்டர். அடுத்த நோய்க்கு இந்த எண்கள் மாறும், முறை மாறாது.

நம் 400 பெட்டில் 60 தீவிர சிகிச்சை என்று வைத்தால் நிமிடத்துக்கு 4,840 லிட்டர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர். 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டரில் 1,000 சிலிண்டர், தினமும்! யார் இறக்கி, யார் மாற்றுவது? ஆகவே திரவ ஆக்சிஜன்தான் வழி. ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயு தரும், நாளைக்கு 8,100 லிட்டர் திரவம் வேண்டும். 10,000 லிட்டர் டேங்க் முழுதாக இருந்தாலும் ஒன்றேகால் நாளுக்குத் தாங்காது. டேங்கின் அளவை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும், கடைசி வார்டின் கடைசி கட்டிலில் குழாயின் அழுத்தம் எவ்வளவு என்று பயோமெடிக்கல் பொறியாளரோடு போய்ப் பாருங்கள். டேங்கில் ஆக்சிஜன் இருந்தும் கட்டிலுக்கு வராமல் போவது இங்கேதான். 2021-இல் நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ மையம் திரவ ஆக்சிஜன் தந்து உதவியது. டேங்கர் எங்கிருந்து, எந்தச் சாலையில், எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ஆள் கணக்கை எல்லோரும் மறப்பார்கள். 60 தீவிர சிகிச்சை பெட்டுக்கு இரண்டுக்கு ஒரு நர்ஸ் என்றால் ஷிஃப்டுக்கு 30, மூன்று ஷிஃப்டுக்கு 90. வார விடுப்பும் நைட் ஆஃபும் சேர்த்தால் 120-க்குக் குறையாது. அவர்களுக்கே தொற்று வந்தால்? அதனால் பெட்டைச் சொல்லும்போதெல்லாம் நர்ஸோடு இருக்கும் பெட் எத்தனை என்று கேளுங்கள்.

மற்ற நோய்கள் அந்த நேரத்தில் விடுமுறை எடுப்பதில்லை. பிரசவம், டயாலிசிஸ், பாம்புக்கடி, காசநோய் மாத்திரை. நல்ல வேளையாக இங்கே பட்டியல்கள் இருக்கின்றன. பிக்மி என்ற கர்ப்பிணிகள் பதிவில் எந்தக் கிராமத்தில் யாருக்கு எந்தத் தேதியில் பிரசவம் என்று இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வாரியாகச் சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்கள் பெயர் இருக்கும். யாருக்கு முதலில் ஆக்ஸிமீட்டர் கொண்டு போவது என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

மூன்று கணக்கும் எச்சரிக்கைக் கோடும்

ஒரே எண்ணைக் கொடுக்காதீர்கள். மிதமானது, நடுத்தரம், மோசமானது என்று மூன்று கணக்கு கொடுங்கள். மோசமானதை வரையும்போது போன தடவை உச்சத்தை எல்லையாக வைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் முதல் அலையின் உச்சம் ஒரு நாளைக்குச் சுமார் 7,000. இரண்டாம் அலையில் 2021 மே 21 அன்று 36,184. ஐந்து மடங்கு. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவே 2020 அக்டோபரில், அடுத்த பிப்ரவரிக்குள் நோய் ஏறத்தாழ அடங்கிவிடும் என்று கணித்தது. பெரிய அறிஞர்களின் கணிப்பும் தவறலாம். அதனால் முடிவுகளைக் கணிப்பில் கட்டாமல், கண்ணால் பார்க்கும் எண்ணில் கட்டுங்கள்.

எப்படி? ஆக்சிஜன் பெட்டில் 25 சதவீதம் நிரம்பி, இரட்டிப்பு 10 நாளுக்குக் கீழே போனால், தள்ளிப்போடக்கூடிய அறுவைச் சிகிச்சைகளை நிறுத்துவது, தாலுகா மருத்துவமனைகளில் வார்டு திறப்பது. கையில் இருக்கும் நாளும் பலன் காட்டும் நாளும் நெருங்கினால், கூட்டங்களைத் தடுப்பது, ஆள் எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதவியின் பெயர், யார் ஒப்புதல் வேண்டும், எத்தனை மணி நேரத்தில் என்று எழுதுங்கள். 1939-ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தில் எந்த அதிகாரம் யாரிடம் என்பதை அமைதியான நாளிலேயே படித்து வையுங்கள்.

எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். மேலே கொட்டை எழுத்தில் கையில் இருக்கும் நாள், அதன் கீழே மூன்று கணக்கு, அதன் கீழே அடுத்த கோடு தொட்டால் யார் என்ன செய்வார்கள். திங்கள்தோறும் வார்டு சென்சஸை வைத்துப் புதுப்பியுங்கள். போன வாரம் சொன்ன எண்ணையும் நடந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

ஒத்திகையைச் செப்டம்பரில் வையுங்கள். அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும், காய்ச்சல் வார்டு ஏற்கெனவே பாதி நிரம்பியிருக்கும். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகி ஆட்சியர் அலுவலகத்தையே தண்ணீர் சூழ்ந்தது, சாலைகள் துண்டாயின. ஆகவே ஒத்திகையில் இந்தக் கேள்விகளையும் சேருங்கள்: டேங்கர் வரும் சாலை இரண்டு நாள் அடைபட்டால் ஆக்சிஜன் எத்தனை மணி நேரம்? ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள் டியூட்டிக்கு எப்படி வருவார்கள், எங்கே தங்குவார்கள்? பதிலை அன்றே அந்த ஒரு பக்கத்தின் பின்புறத்தில் எழுதி, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறையில் ஒன்றும் ஆக்சிஜன் டேங்க் பக்கத்து அறையில் ஒன்றும் ஒட்டிவிட்டு வாருங்கள்.